விரிப்பில் இடம் போதவில்லை

நேதன் ஆறரைக்கு எழுந்தான். கெட்டிலைப் போட்டான். இரண்டு துண்டு ரொட்டி வாட்டி, வெண்ணெய் தடவி, அடுப்பு மேடை ஓரமாக நின்றபடியே தின்றான். முகம் மழித்தான். வாஷிங் மெஷினில் நேற்றிலிருந்து கிடந்த துணியை எடுத்துக் கொல்லைக் கொடியில் போட்டான். மழை வரும் போலிருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். கருநீல, வெள்ளைப் பட்டை போட்ட ஜெர்சியை மாட்டிக்கொண்டான். கதவைப் பூட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்கு ரக்பி ஆட்டம்.

மனைவி கர்ஸ்டி போய் மூன்று மாதம் ஆகிறது. அவள் போனதற்கும் கிராஸ்தோர்ப் காலியர்ஸ் அணி தோற்பதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் ஊர் இரண்டையும் சேர்த்துத்தான் பேசுகிறது. மார்ச்சுக்குப் பிறகு அவர்கள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. உள்ளூரில் தோற்றார்கள், வெளியூரில் தோற்றார்கள், வெயிலில் தோற்றார்கள், சேற்றில் தோற்றார்கள். கோச் டீன் மல்லரியின் பெயரைச் சொன்னால் இறைச்சிக் கடையில் கத்தி கொஞ்சம் பலமாக இறங்குகிறது.

சேர்த்துப் பேச வைத்தவர் நேதனின் மாமனார் மால்கம்.

கிராஸ்தோர்ப்பில் ஒரு வழக்கம் உண்டு. அடக்கம் முடிந்து எல்லோரும் ரசிகர் மன்றக் கூடத்தில் கூடி டீயும் ஹாம் சாண்ட்விச்சும் சாப்பிடும்போது, யாராவது ஒருவர் எழுந்து செத்தவரைப் பற்றி ஒரு கதை விட்டாக வேண்டும். கதை உண்மையாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சிரிப்பு வர வேண்டும், அவ்வளவுதான். அன்று மால்கம் எழுந்தார். "என் பொண்ணு கண்ணை மூடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. அந்த மல்லரியை வீட்டுக்கு அனுப்பி வைங்கன்னு." கூடமே சிரித்தது. அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

அப்படிப்பட்ட கதைகள் அடுத்த பியர் வருவதற்குள் மறந்துபோகும். இது மறக்கவில்லை. அணி தோற்கத் தோற்கக் கதை வளர்ந்தது. முதலில் மதுக்கடையில் சொன்னார்கள். பிறகு டி-ஷர்ட்டில் அச்சடித்தார்கள். கர்ஸ்டி சாகும்போது அறையில் இருந்தவன் நேதன் ஒருவன்தான். மால்கமும் அவரது இளைய மகள் கார்லியும் அன்று கம்பிரியாவில், வெளியூர் ஆட்டத்தில் இருந்தார்கள். இன்னும் சில வாரம் இருக்கிறது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். கர்ஸ்டியே இருவரையும் கிளப்பி அனுப்பினாள். அவளுடைய அம்மா அந்தப் பெண்கள் சிறுமிகளாக இருந்தபோதே ஸ்பெயினுக்குப் போய்விட்டவள்.

ஆக, கதையை மறுக்கக்கூடியவன் ஒருவன்தான். அவன் மறுக்கவில்லை. மார்ச்சிலிருந்து அவன் யார் எதைக் கேட்டாலும் 'சரி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

மால்கமின் கராஜில் கார் இல்லை. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பதால் சொந்தமாக ஒரு வண்டி வைத்துக்கொள்ள அவருக்கு அலுப்பு. தரை முழுக்க ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு கிடந்தது. மண்டியிட்டு, கார்லியின் தலைமுடி உலர்த்தியால் பெயின்ட்டைக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு மாப்ள?"

"பெருசா இருக்கு."

"பெருசாத்தான் இருக்கணும். எதிர் ஸ்டாண்டுல கண்ணாடி மறந்துட்டு வந்தவனும் படிக்கணும்ல."

'கர்ஸ்டி கடைசியா சொன்னா: மல்லரியை வீட்டுக்கு அனுப்பு' என்று எழுதியிருந்தது. முதல் எழுத்துகள் ஆளுயரம். போகப் போகச் சிறுத்து, கடைசி எழுத்து விளிம்பில் ஒடுங்கிக் கிடந்தது. கிளப் தலைவர் பைவாட்டரின் பெயரையும் எழுதத்தான் திட்டம் என்று மால்கம் விளக்கினார். மல்லரியே விரிப்பு முழுவதையும் தின்றுவிட்டானாம். ஆட்டத்திலும் இப்படித்தான், இருக்கிற இடம் எல்லாவற்றையும் வீணாக்குவான் என்றார்.

விளிம்பில் நீலத் தையல் ஓடியது. நேதன் அதைப் பார்த்தான். புதன்கிழமை மால்கம் ஒரு பழைய விரிப்பு இருக்கிறதா என்று கேட்டபோது அவன் எடுத்துக் கொடுத்தது. பெயின்ட் சிந்தாமல் தரையில் போடக் கேட்கிறார் என்று நினைத்திருந்தான். எதற்கு என்று கேட்கவில்லை.

மைதானத்தில் சிம்னி பக்கம் என்று சொல்கிற ஸ்டாண்டில், கோல் கம்பங்களுக்குப் பின்னால் நிற்கப் போகிறார்கள். விரிப்பைத் தாங்கும் வலது கழி மால்கமுக்கு. இடது கழி நேதனுக்கு. புருஷன் பிடித்தால்தான் அதற்கு மரியாதை என்றார் மால்கம்.

"சரி," என்றான் நேதன்.

மால்கம் உலர்த்தியை அணைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மூன்று மாதத்தில் பத்து வயது கூடியிருந்தார். ஆனால் இன்று கண்ணில் வெளிச்சம் இருந்தது. அதைக் கெடுக்க நேதனுக்கு மனம் வரவில்லை.

கார்லி கிளப்பின் டிக்கெட் ஜன்னலில் வேலை பார்க்கிறாள். தோற்கிற கிளப்பில் அதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. கோச் மீதுள்ள கோபம், தலைவர் மீதுள்ள கோபம், மழை மீதுள்ள கோபம் எல்லாமே அந்தச் சின்னக் கண்ணாடி ஓட்டை வழியாகத்தான் உள்ளே வரும். போன வாரம் ஒருவர் தன் சீசன் டிக்கெட்டை நான்காகக் கிழித்து உள்ளே தள்ளிவிட்டுப் போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, ஒட்டுவதற்கு டேப் இருக்கிறதா என்று கேட்டார். கார்லி எடுத்து வைத்திருந்தாள்.

நேதன் ஜன்னலுக்குப் போனபோது அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"உன்ன மேல வரச் சொல்றாங்க."

"யாரு?"

"கண்ணாடிக்காரர். அப்பாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. நீயே போய்க் கேட்டுக்கோ. ஆனா ஒண்ணு, அந்த ஆளு சிரிச்சா உன் பர்ஸத் தொட்டுப் பாத்துக்கோ."

கண்ணாடிக்காரர் என்றால் ரோலண்ட் பைவாட்டர். வீடுகளின் பின்புறம் கண்ணாடி அறை கட்டிக் கொடுத்துப் பணம் பார்த்தவர். ஊரில் பாதிக் கண்ணாடி அறைகள் ஒழுகுகின்றன. அந்தப் பணத்தில்தான் கிளப்பை வாங்கினார்.

மேல் அறையில் அவர் நேதனை இரு கையாலும் பிடித்து உட்காரவைத்தார். பட்டாணி மசியலும் புதினா சாஸும் ஊற்றிய மீட் பை ஒரு தட்டில் வந்தது. நேதன் தொடவில்லை. பைவாட்டர் கர்ஸ்டியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். அவளை ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. பிறகு விஷயத்துக்கு வந்தார்.

பதாகையைப் பற்றி அவருக்கு முன்பே தெரியும். வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள். அது மட்டுமல்ல, பாதி நேர இடைவேளையில் மைக் நேதன் கைக்கு வரும். மைதான நடுவில் நின்று, மனைவி கடைசியாகச் சொன்னதை அவன் தன் வாயால் சொன்னால் போதும். நிர்வாகம் மக்கள் குரலைக் கேட்டது, மல்லரி இன்றோடு விலகுகிறார் என்று பைவாட்டர் அறிவிப்பார். குடும்பங்கள் உட்காரும் ஸ்டாண்டுக்கு ஆகஸ்டிலிருந்து கர்ஸ்டியின் பெயர்.

"மல்லரிக்குத் தெரியுமா?" என்று கேட்டான் நேதன்.

"சாயங்காலம் சொல்லிக்கலாம். அவருக்கு மட்டும் இது புதுசா என்ன."

நேதன் பள்ளியில் புவியியல் நடத்துகிறவன். ஆறு எங்கே தொடங்குகிறது என்று பார்க்காமல், வெள்ளத்துக்குக் கடலைக் குற்றம் சொல்லும் விடைத்தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறான். ஆட்டத்தை முன்னின்று நடத்திய ஒரே பையனை ஜனவரியில் போட்டி கிளப்புக்கு விற்றது மல்லரி இல்லை. பயிற்சி மைதானத்தை வீடு கட்டுகிறவர்களுக்குக் கொடுத்ததும் மல்லரி இல்லை. காயம் பார்க்கும் மருத்துவரை வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் போதும் என்றதும் அவர் இல்லை. இதெல்லாம் இந்த மேஜையில், இதே மீட் பை தட்டுகளுக்கு நடுவில் நடந்தது. ஊருக்கும் அது தெரியும். ஆனால் விரிப்பில் இடம் போதவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றான்.

பைவாட்டருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மார்ச்சுக்குப் பிறகு 'சரி' அல்லாத ஒரு பதில் தன் வாயிலிருந்து வந்திருப்பதை நேதன் படியில் இறங்கும்போதுதான் கவனித்தான். வாயில் அது நன்றாகவே இருந்தது.

படிக்குக் கீழே, நடைவழியில், மல்லரி எதிரே வந்தார். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்காரர். யார்க்ஷயர் வெயிலில்கூட முகம் சிவந்துபோகிற நிறம். பந்துகளை வலையில் போட்டுத் தோளில் அவரே சுமந்து வந்தார். சாமான்கள் பார்த்துக்கொண்ட ஆளையும் மே மாதம் நிறுத்திவிட்டார்கள்.

நேதனை அடையாளம் தெரிந்துகொண்டு வலையைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? நெசமாவே அவங்க அப்படிச் சொன்னாங்களா?"

நேதன் கீழே கிடந்த வலையைப் பார்த்தான்.

"சொல்லியிருந்தா எனக்குக் கோவம் இல்ல. சொல்ற உரிமை அவங்களுக்கு இருந்துச்சு. ஆனா நானும் அவங்களும் ஒரு தடவை பேசியிருக்கோம். நீங்க அப்போ கூட இல்ல. அதுக்கப்புறம் அவங்க அப்படிச் சொல்லியிருப்பாங்கன்னு என்னால நம்ப முடியல. அதான்."

எப்போது, எங்கே, என்ன பேசினீர்கள் என்று நேதன் கேட்க வாயெடுப்பதற்குள், உடை மாற்றும் அறையிலிருந்து யாரோ கோச்சைக் கூப்பிட்டார்கள். முழங்காலில் கட்டு போட வேண்டுமாம். போட ஆள் இல்லையாம். மல்லரி வலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

வாசலில் பதாகையை யாரும் தடுக்கவில்லை. காவலர் ஒருவர் கூடவே வந்து, கழியில் அவிழ்ந்திருந்த முடிச்சை இறுக்கிக் கட்டிக்கொடுத்தார். மால்கமுக்கு அது உறுத்தியது.

"போன வாரம் என் சூப் ஃப்ளாஸ்கையே ஆயுதம்னு புடுங்குனான் இதே ஆளு. இன்னைக்கு முடிச்சு போட்டுத் தரான்."

விசில் ஊதியதும் விரிப்பை விரித்தார்கள். சிம்னி பக்கம் முழுவதும் கை தட்டியது. பிறகு கூட்டம் ஒரே குரலில் அதைப் படிக்கத் தொடங்கியது. கர்ஸ்டி சொன்னா, கர்ஸ்டி சொன்னா. இரண்டாயிரம் பேர் அவள் பெயரைச் சொல்கிறார்கள். நேதனுக்கு அது இனித்திருக்க வேண்டும். பெயர் மட்டும்தான் அவளுடையது. மற்றது எதுவும் அவளுடையது இல்லை. காற்று விரிப்பைப் பாய்மரம்போல் ஊதியது. கை வலித்தது. எல்லைக்கோட்டின் அருகே நின்ற மல்லரி ஒருமுறை திரும்பி, முழுவதையும் படித்துவிட்டு, மறுபடி ஆட்டத்தைப் பார்த்தார்.

எதிரணி வந்தது, இடித்தது, கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்தது. மறுபடி வந்தது. மூன்றாவது முறை வந்தபோது காலியர்ஸ் ஆட்கள் இருவர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு விழுந்தார்கள். பதினெட்டுக்குப் பூஜ்யம். பின்வரிசையில் ஒருவர், அந்த இரண்டு பேரையும் கல்யாணம் பண்ணி வைத்துவிடலாம் என்றார். சிரித்தவர்கள் எல்லோரும் கோபமாகத்தான் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நேதன் தன் கழியைத் தூக்கிக்கொண்டு மால்கம் பக்கமாக நடந்தான். விரிப்பு நடுவில் மடிந்து தொங்கியது. பின்னாலிருந்து கத்தினார்கள். அவன் காதில் வாங்கவில்லை. மேல் அறையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். மைக், அறிவிப்பு, ஸ்டாண்ட்.

'ஸ்டாண்ட்' என்ற சொல்லிலேயே மால்கம் நின்றுவிட்டார். குடும்ப ஸ்டாண்டைத் திரும்பிப் பார்த்தார். அங்கே இப்போது ஒரு கார்ப்பெட் கடையின் பெயர் இருந்தது. அந்த இடத்தில் வேறு எழுத்துகளை அவர் வைத்துப் பார்ப்பது நேதனுக்குத் தெரிந்தது. வெகுநேரம் வைத்துப் பார்த்தார்.

"அவ பேரா? அவ்ளோ பெருசாவா?"

"ஆமா."

"அந்தக் கண்ணாடிக்காரன் நம்ம விரிப்புக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கப் பாக்கறான்."

"அவன் பேரை எழுதாம நீங்கதான் அவனுக்கு இடம் விட்டுட்டீங்களே."

மால்கமுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனால் நேதன் அவரைச் சீண்டி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. வாயோரம் ஒரு நொடி வளைந்தது.

"மைக்ல அதை நான் சொல்லமாட்டேன் மால்கம்," என்றான் நேதன். "அவ அதைச் சொல்லல."

"தெரியும்டா. நான்தான சொன்னேன்."

விரிப்பு இருவருக்கும் நடுவில் சுருண்டு கிடந்தது. மால்கம் கழியைத் தரையில் ஊன்றி, அதன்மேல் இரு கையையும் வைத்துக்கொண்டார்.

"நீ அங்க இருந்த. நான் ஆட்டம் முடிஞ்சு திரும்பற பஸ்ல இருந்தேன். நீ போன் பண்ணப்போ பஸ்ஸு மலை ஏறிட்டிருக்கு, பின்னாடி சீட்டுல பாடிட்டிருக்கானுங்க, எனக்கு நீ சொன்னது சரியாக் கூடக் கேக்கல. என்கிட்ட அவளோட கடைசியா ஒண்ணுமே இல்ல. அதான் ஒண்ணு செஞ்சுகிட்டேன். செஞ்சது தப்பா?"

"ஊருக்காகச் செஞ்சது தப்பில்ல. பைவாட்டருக்குக் குடுக்கறது தப்பு."

பாதி நேர மணி அடித்தது. ஆட்டக்காரர்கள் தலை குனிந்து உள்ளே போனார்கள். கூட்டம் ஊளையிட்டது. எல்லைக்கோட்டு ஓரமாகக் கார்லி வந்துகொண்டிருந்தாள். கையில் மைக். அவளுக்குப் பின்னால் பைவாட்டர், கோட் பட்டனைப் போட்டபடி. கார்லி தூரத்திலேயே அக்காவின் கணவனைப் பார்த்து, என்ன செய்யப் போகிறாய் என்பதுபோல் தலையை அசைத்தாள்.

நேதன் ஓரடி வைத்தான். மால்கம் அவன் ஜெர்சியின் கையைப் பிடித்து இழுத்தார்.

"இரு. மைக்கு அங்கயே நிக்கட்டும். எனக்கு ஒண்ணு தெரியணும்." கேட்பது என்று முடிவு செய்துவிட்ட குரல். "அன்னைக்கு ஆட்டம் பாதி நேரத்துலேயே அவளுக்கு மூச்சு மாறிடுச்சுன்னு, வந்து பாத்துட்டுப் போன நர்ஸம்மா எங்கிட்ட சொன்னாங்க. நீ ஆட்டம் முடிஞ்சப்புறம்தான் கூப்பிட்ட. உன் மேல எனக்கு வருத்தம் இல்லன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டிருக்கேன். பொய்யி. ஏன்டா என்னைக் கூப்பிடல?"

நேதன் அவரைப் பார்த்தான். தன்னைப் பழிப்பார்கள் என்பதற்காக அவன் இதைச் சொல்லாமல் இருக்கவில்லை. சொன்னால் மால்கம் உடைந்துபோவார் என்றும் அவன் பயப்படவில்லை. அது ஒன்றுதான் அவனிடம் மிச்சம் இருந்தது. யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் வைத்திருந்தான். இப்போது அந்தக் கிழவரின் பிடி தன் சட்டையில் இறுகியிருப்பதைப் பார்த்தபோது, இது தனக்கு மட்டும் சொந்தமானது இல்லை என்று புரிந்தது.

"கூப்பிடத்தான் எடுத்தேன்," என்றான். "உங்க பேரு ஸ்கிரீன்ல இருந்துச்சு. பட்டனை அமுக்க வேண்டியதுதான் பாக்கி."

தலையணைமேல் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது என்றான். கம்பிரியாவில் காற்று, மைக்கில் இரைச்சல், வர்ணனை பாதிதான் கேட்டது. அன்று கடைசி நிமிடங்களில் எல்லாம் கைநழுவிப் போனது மால்கமுக்குத் தெரியும், அதை அவர் நேரிலேயே நின்று பார்த்தவர். ஆனால் கர்ஸ்டி கண் விழித்தது அதற்கெல்லாம் முன்னால். மல்லரியின் பையன்கள் அப்போதுதான் மூன்றாவது முறையாகக் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும் சேர்ந்து போட்ட கூச்சல் ரேடியோவில் வந்தது. அதில் அவள் அப்பாவின் குரலும் இருந்திருக்கும். அவள் அதைக் கேட்டாள். கையை நீட்டிப் போன்மேல் வைத்து மூடினாள். ஒன்றே ஒன்று சொன்னாள், அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

"என்ன சொன்னா?" என்றார் மால்கம்.

"அப்பாவை இப்பக் கூப்பிடாத நேதன். நாம ஜெயிச்சுட்டிருக்கோம்."